சூப்பர்நோவாவின் வால் ஒளியும் நிக்கல் நிறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் வானியற்பியல் ப்ராஜெக்ட் எடுக்கும் தமிழ் மாணவர்கள் பலருக்கும் முதலில் கையில் கிடைப்பது, சூப்பர்நோவாவின் (வெடித்த விண்மீனின்) ஒளி நாளுக்கு நாள் மாறுவதைக் காட்டும் ஓர் ஒளிவளைவுக் கோப்பு. நாள், ஃபில்டர், மேக்னிட்யூட் (ஒளியின் அளவு; எண் கூடினால் மங்கல்), பிழை என்று நான்கு பத்தி எண்கள். "வால் பகுதியைப் பொருத்தி நிக்கல் நிறையைக் கண்டுபிடி" என்று வழிகாட்டி சொல்லிவிட்டுப் போய்விடுவார். வால் என்பது உச்சத்துக்குப் பின் ஒளி மெல்லச் சரியும் நீண்ட கடைசிப் பகுதி. அந்த இடத்திலிருந்து எழும் கேள்விகள் இவை. கதிரியக்கச் சிதைவு பற்றிய இயற்பியலில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. விடையைக் கெடுப்பதெல்லாம் தூரம், தூசி, தொடக்க நாள், பார்க்காமல் விட்ட அகச்சிவப்பு ஆகியவைதான். அதனால் பதில்களில் அவற்றுக்கே இடம் கூடுதல்.

வெடித்து ஓராண்டு ஆன பிறகும் சூப்பர்நோவா எதனால் ஒளிர்கிறது?

வெடிப்பின் வெப்பம் விரிவதிலேயே செலவாகிவிடும். மாதக்கணக்கில் ஒளிர வேண்டுமானால் உள்ளே புதிதாக ஆற்றல் ஊற வேண்டும். வெடிப்பில் உருவான நிக்கல்-56 அதைத் தருகிறது. இதன் அரை ஆயுள் 6.1 நாள், சிதைந்து கோபால்ட்-56 ஆகிறது. கோபால்ட்டின் அரை ஆயுள் 77.2 நாள், அது நிலையான இரும்பு-56 ஆகிறது. ஒவ்வொரு நிக்கல் சிதைவும் சுமார் 1.7 மெகா எலக்ட்ரான்வோல்ட், ஒவ்வொரு கோபால்ட் சிதைவும் சுமார் 3.7 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலைக் காமா கதிராகவும் பாசிட்ரானாகவும் விடுகின்றன. நியூட்ரினோ கொண்டுபோவது கணக்கில் சேராது. அது நேரே வெளியேறிவிடும்.

இது ஊகம் இல்லை. எம்82 விண்மீன் திரளில் வெடித்த எஸ்என் 2014ஜே-யிலிருந்து கோபால்ட்-56-இன் 847, 1238 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கோடுகளை இன்டெக்ரல் விண்கலம் நேரடியாகவே பதிவு செய்தது.

எந்தச் சூத்திரத்தில் தொடங்குவது?

நிக்கல் நிறையை சூரிய நிறை அலகில் வைத்துக்கொண்டால், வினாடிக்கு வெளிவரும் சிதைவு ஆற்றல்:

நிக்கல் நிறை × [6.45 × 10⁴³ × எக்ஸ்ப்(−நாள்/8.8) + 1.45 × 10⁴³ × எக்ஸ்ப்(−நாள்/111.3)] எர்க்

எக்ஸ்ப் என்பது e-யின் அடுக்கு. இங்கே 8.8, 111.3 இரண்டும் சராசரி ஆயுள். அரை ஆயுளை 0.693-ஆல் வகுத்தால் கிடைப்பவை. அரை ஆயுளை அப்படியே எக்ஸ்ப்-க்குள் போடுவது மிகப் பழைய தவறு. போட்டால் வால் 100 நாளுக்கு 1.4 மேக்னிட்யூட் இறங்கும். சரியான எண் 0.98.

இன்னொரு பொறி அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. முதல் உறுப்பு நிக்கல் மட்டும் என்று நினைத்து, இரண்டாம் உறுப்பை "கோபால்ட் = 1.45 × (கோபால்ட் எக்ஸ்ப் − நிக்கல் எக்ஸ்ப்)" என்று மாற்றி எழுதுபவர்கள் உண்டு. அப்படிப் பிரித்தால் நிக்கலின் கெழு 7.9 ஆக வேண்டும், 6.45 இல்லை. மேலே உள்ள வடிவத்தில் அந்தக் கழித்தல் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. உங்கள் நிரல் நாள் 0-இல் சூரிய நிறைக்கு 7.9 × 10⁴³ தருகிறதா, நாள் 100-இல் 5.9 × 10⁴² தருகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரியானால் மேலே போகலாம்.

சில கட்டுரைகளில் கோபால்ட் கெழு 1.45-க்குப் பதில் 1.33 அல்லது 1.35 என்று வரும். நிக்கல் சிதைந்தால்தான் கோபால்ட் வரும் என்பதற்கான சங்கிலித் திருத்தம் 111.3 ÷ (111.3 − 8.8) = 1.086. அதை உள்ளே சேர்த்தார்களா, வெளியே வைத்தார்களா என்பதுதான் வித்தியாசம். மறந்தால் நிறையில் 8 சதவீதம் போகும்.

நாளை எங்கிருந்து எண்ண வேண்டும்?

வெடித்த நாளிலிருந்து. கோப்பில் பெரும்பாலும் "உச்ச ஒளிக்குப் பின் நாட்கள்" என்றுதான் இருக்கும். வெள்ளைக் குள்ளன் வெடிக்கும் 1ஏ (Ia) வகை உச்சத்தை எட்ட ஏறக்குறைய 18 நாள் ஆகும். அந்த 18-ஐச் சேர்க்காமல் விட்டால் கோபால்ட் உறுப்பு 17 சதவீதம் பெரிதாக வரும். அதை ஈடுகட்ட நிக்கல் நிறை குறைந்து நிற்கும். பொருத்தம் அழகாகவே இருக்கும் என்பதால் வரைபடத்தைப் பார்த்து இந்தத் தவறைக் கண்டுபிடிக்க முடியாது.

காமா கதிர் தப்பிப்போவதை எப்படிச் சேர்ப்பது?

கேள்விகளில் கனமானது இதுதான். சிதறிய பொருள் சீரான வேகத்தில் விரிகிறது. அடர்த்தி காலத்தின் மும்மடிக்கு எதிராகக் குறைகிறது, ஆரம் காலத்தோடு கூடுகிறது. இரண்டையும் பெருக்கினால் ஒளியியல் ஆழம் (வெளியேறும் கதிரைப் பொருள் எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) காலத்தின் வர்க்கத்துக்கு எதிராக விழும். எனவே

உள்ளே படியும் காமா பின்னம் = 1 − எக்ஸ்ப்[−(கசிவுக் காலம் ÷ நாள்)²]

காமா கதிருக்கான ஒளியியல் ஆழம் சரியாக 1 ஆகும் நாளே கசிவுக் காலம். சீரான அடர்த்தி கொண்ட கோளம் என்று வைத்தால் அதன் வர்க்கம்

9 × ஒளிபுகாமை × நிறை² ÷ (40 × பை × இயக்க ஆற்றல்)

ஒளிபுகாமை எலக்ட்ரான் பின்னத்தின் 0.06 மடங்கு. ஹைட்ரஜன் இல்லாத பொருளில் எலக்ட்ரான் பின்னம் 0.5, அதனால் கிராமுக்கு 0.03 சதுர செ.மீ. என்று வரும். பலர் 0.025 எடுக்கிறார்கள். ஹைட்ரஜன் நிறைந்த உறையில் இது கூடும்.

ஒரு எண் போட்டுப் பார்ப்போம். 1.4 சூரிய நிறை என்றால் 2.8 × 10³³ கிராம். இயக்க ஆற்றல் 1.2 × 10⁵¹ எர்க்; ஒளிபுகாமை 0.025. விடை சுமார் 3.4 × 10⁶ வினாடி, அதாவது 39 நாள். உண்மையான 1ஏ வகை ஒளிவளைவுகளைப் பொருத்தினாலும் 35 முதல் 40 நாள்தான் பெரும்பாலும் வருகிறது. இவ்வளவு முரட்டுத்தனமான மாதிரிக்கு இது நல்ல மதிப்பெண்தான். வெளியுறை இழந்த 1பி (Ib), 1சி (Ic) வகைகளில் கசிவுக் காலம் 100 நாளை ஒட்டி வரும். ஹைட்ரஜன் உறை தடிமனாக உள்ள 2பி (II-P) வகையில் பல நூறு நாள். ஆகவே அங்கே வால் நீண்ட காலம் 0.98 சரிவை ஒட்டியே போகும்.

நிறையின் வர்க்கமும் ஆற்றலும் ஒரே சூத்திரத்தில் ஒட்டிக் கிடக்கின்றன என்பதைக் கவனியுங்கள். கசிவுக் காலத்தை மட்டும் வைத்துச் சிதறிய நிறையைச் சொல்ல முடியாது. நிறமாலையில் வேகத்தை அளந்து ஆற்றலுக்கு ஒரு வரம்பு போட்ட பிறகே நிறை பற்றிப் பேசலாம். நிக்கல் மையத்தில் குவிந்ததா, வெளியே வரை கலந்ததா என்பதும் இந்த ஒற்றை எண்ணுக்குள் மறைந்துகொள்ளும்.

பாசிட்ரானைத் தனியாகச் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம். கோபால்ட்-56 சிதைவுகளில் 19 சதவீதம் பாசிட்ரானை விடுகின்றன. அவற்றின் இயக்க ஆற்றல் மொத்தத்தில் 3.2 சதவீதம்தான். ஆனால் மின்னூட்டம் உள்ள துகள் என்பதால் காமா போல ஓடிவிடாது. கிட்டத்தட்ட அதே இடத்தில் ஆற்றலை இறக்கிவிடும். 0.6 சூரிய நிறை நிக்கல், 38 நாள் கசிவுக் காலம் என்று எடுத்து 200-ஆம் நாளைப் பாருங்கள். காமா ஆற்றலில் 3.5 சதவீதம்தான் படிகிறது. பாசிட்ரான் பங்கு 3.2. இரண்டும் சமமாகும் நாள் ஏறக்குறைய 210. மொத்த ஒளிர்வு வினாடிக்கு சுமார் 9.6 × 10⁴⁰ எர்க். பாசிட்ரானை மறந்திருந்தால் அந்த ஒளியில் பாதி காணாமல் போயிருக்கும். நிரலோ கசிவுக் காலத்தை நீட்டி அந்த இடத்தை நிரப்பியிருக்கும்.

பாசிட்ரான் முழுதும் சிக்குகிறதா என்பது பழைய விவாதம். காந்தப்புலம் சுருண்டு கிடந்தால் சிக்கும், ஆரத்திசையில் நீட்டி வாரப்பட்டிருந்தால் ஒரு பகுதி வெளியேறும். 200 நாளுக்குப் பின் கண்ணுறு ஒளி மட்டும் வேகமாகச் சரிவதைப் பார்த்து "பாசிட்ரான் தப்புகிறது" என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் ஒளி அருகு அகச்சிவப்புக்கு நகர்கிறது. வி ஃபில்டர் 100 நாளுக்கு 1.4 மேக்னிட்யூட் விழும்போது ஜே, ஹெச் ஃபில்டர்கள் நூற்றுக்கணக்கான நாட்களுக்குச் சமதளமாகவே நிற்கும். அதைக் கூட்டினால் தப்பியதாக நினைத்த ஆற்றலில் பெரும்பங்கு திரும்பக் கிடைக்கும்.

மேக்னிட்யூடிலிருந்து மொத்த ஒளிர்வுக்கு எப்படிப் போவது?

வழியிலுள்ள தூசி மறைத்ததைத் திருத்தி, ஒவ்வொரு ஃபில்டரையும் பாய அடர்த்தியாக மாற்றி, அலைநீளத்தின் மீது தொகையிட்டு, 4 × பை × தூரத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். சொல்ல ஒரே வரி, சறுக்க நான்கு இடம்.

தாய்த் திரளின் ஒளி முதலாவது. சூப்பர்நோவா மங்கிய பிறகு நீங்கள் அளப்பதில் பாதி திரளின் சொந்த ஒளியாக இருக்கலாம். வெடிப்புக்கு முன் எடுத்த படமோ, சில ஆண்டு கழித்து எடுத்த படமோ வைத்துக் கழிக்காத வால், 0.98-ஐவிடத் தட்டையாகக் காட்டும்.

மேக்னிட்யூடின் சுழியை எங்கே வைப்பது, வேகா முறையா, ஏபி முறையா என்பது இரண்டாவது. வி ஃபில்டரில் இரண்டுக்கும் வித்தியாசம் 0.02 மேக்னிட்யூட்தான், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஐ ஃபில்டரில் 0.45, ஜே-யில் 0.9. கலந்து போட்டால் நிறமாலையின் வடிவமே கோணலாகிவிடும்.

மூன்றாவது தூரமும் தூசியும். தூரப் பிழை விடைக்குள் இரட்டிப்பாக வரும். எம்101 திரளுக்கு 6.4 மெகாபார்செக் என்றும் 6.85 என்றும் இரண்டு மதிப்புகள் புழக்கத்தில் உள்ளன. இதில் எதை எடுத்தீர்கள் என்பதிலேயே நிக்கல் நிறை 15 சதவீதம் மாறிவிடும். நிறமிகைப்பில் (தூசி ஒளியைச் சிவப்பாக்கும் அளவில்) 0.05 தவறினால் வி ஃபில்டரில் அதுவும் ஏறக்குறைய 15 சதவீதம். இந்த இரண்டையும் பிழைக் கணக்கில் காட்டாமல் "0.062 ± 0.001" என்று எழுதும் அறிக்கைகளை வழிகாட்டிகள் திருப்பி அனுப்புவதில் நியாயம் இருக்கிறது.

நான்காவது, அகச்சிவப்புத் தரவே இல்லாமல் போவது. 2பி வகைக்கு ஒரு நாட்டு வழி உண்டு: அதே ஃபில்டர்களில், அதே நாளில் எஸ்என் 1987ஏ எவ்வளவு ஒளிர்ந்தது என்று பார்த்து, விகிதத்தை அதன் நிக்கல் நிறையான 0.075-ஆல் பெருக்குவது. நிறமாலை வடிவம் ஒத்துப்போகும் என்பதே இதன் பின்னால் உள்ள நம்பிக்கை. இரண்டின் காமா கசிவும் ஒத்திருந்தால்தான் அது செல்லும்.

பொருத்துவதை எந்த நாளில் தொடங்கலாம்?

உள்ளே தேங்கிய பழைய ஒளி வடிந்த பிறகு. 1ஏ வகைக்கு 60 நாள் தாண்டினால் போதும். 2பி வகையில் ஒளி அதிகம் மாறாமல் நிற்கும் சமதளம் முடிந்து, அது சட்டென்று விழும். அந்தச் சரிவு நின்று வால் நேராகும் வரை, பொதுவாக 140 அல்லது 150-ஆம் நாள் வரை, பொறுக்க வேண்டும். சரிவின் இரண்டு புள்ளிகள் உள்ளே நுழைந்தாலும் நிறை ஊதிவிடும்.

மாறிகள் இரண்டே: நிக்கல் நிறை, கசிவுக் காலம். ஒளிர்வின் மடக்கையில் பொருத்துங்கள். இல்லாவிட்டால் பிரகாசமான முதல் சில புள்ளிகளே முழு முடிவையும் எடுத்துவிடும். பைத்தானில் ஸைபை நூலகத்தின் சாதாரணப் பொருத்தமே போதும். எம்சிஎம்சி (சமவாய்ப்பு மாதிரியெடுப்பு) ஓட்டுவது இரண்டு மாறிக்கும் இடையிலான சாய்ந்த நீள்வட்டத்தைப் பார்க்கத்தான். தரவு 60 முதல் 100 நாள் வரை மட்டும் இருந்தால் அந்த நீள்வட்டம் மிக நீண்டிருக்கும்: அதிக நிக்கலும் அதிகக் கசிவும், குறைந்த நிக்கலும் குறைந்த கசிவும் ஒரே வளைவைத் தரும். 250 நாளுக்கு அப்பால் ஒரே ஒரு நல்ல புள்ளி கிடைத்தாலும் அது சுருங்கும். உச்சத்துக்கு முன்பிருந்தே தரவு இருந்தால் காலத்தால் எடையிட்ட தொகைச் சமநிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒளிர்வு × காலம் என்பதன் தொகை, படிந்த ஆற்றல் × காலம் என்பதன் தொகைக்குச் சமமாக வேண்டும். ஒளி எப்படிக் கசிந்து வந்தது என்பதைப் பொருட்படுத்தாத சோதனை இது.

சரிவு 0.98-க்கு அருகே வந்தால் கதிரியக்கம் என்று உறுதியாகச் சொல்லலாமா?

முடியாது. வேகமாகச் சுழலும் காந்த நியூட்ரான் விண்மீனின் ஆற்றல் பிற்காலத்தில் காலத்தின் வர்க்கத்துக்கு எதிராகக் குறையும். அந்த வளைவின் சரிவு 200-ஆம் நாளில் 100 நாளுக்கு 1.09 மேக்னிட்யூட்; 222-ஆம் நாளில் அச்சாக 0.98. 400-ஆம் நாளில் 0.54 ஆகிவிடும், அதுவரை பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். சுற்றியுள்ள வாயுவோடு மோதும் சூப்பர்நோவாவும் இப்படி ஏமாற்றக்கூடியது. நிறமாலையில் குறுகலான ஹைட்ரஜன் கோடு இருக்கிறதா பாருங்கள். இன்னொரு எளிய சோதனை: கிடைத்த நிக்கல் நிறை மொத்தச் சிதறிய நிறையையே நெருங்கினால் ஆற்றல் வேறெங்கிருந்தோ வருகிறது.

1000 நாளுக்குப் பிறகு என்ன மாறும்?

கோபால்ட்-56 ஏறக்குறையத் தீர்ந்திருக்கும். சராசரி ஆயுள் 392 நாள் உள்ள கோபால்ட்-57 முன்னுக்கு வரும். இது பாசிட்ரானை விடுவதில்லை. சிதைவுக்குச் சுமார் 18 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்களாக வரும். சூரியக் குடும்பத்தில் இரும்பு-57-க்கும் இரும்பு-56-க்கும் உள்ள விகிதம் 0.023. அதையே எடுத்தால், துகள்கள் வழியே படியும் ஆற்றலில் இரண்டு கோபால்ட்டும் சமமாவது 1100 நாளை ஒட்டி. பிறகு சரிவு மெல்ல மெல்ல 100 நாளுக்கு 0.28 மேக்னிட்யூடை நோக்கித் தணியும். இன்னும் பிந்தி, அரை ஆயுள் 2.7 ஆண்டு கொண்ட இரும்பு-55. எஸ்என் 1987ஏ போன்றவற்றில் அதற்கும் பின்னால் பல பத்தாண்டுகளுக்கு டைட்டானியம்-44. அரை ஆயுள் ஏறக்குறைய 60 ஆண்டு.

இந்த விகிதத்தை அளக்க ஆசைப்படுவதற்குக் காரணம் உண்டு. வெடித்த வெள்ளைக் குள்ளனின் மைய அடர்த்தி அதிகமாக இருந்தால் நிக்கல்-57-உம் அதிகம் உருவாகும்; சந்திரசேகர் எல்லையை (வெள்ளைக் குள்ளன் தாங்கும் உச்ச நிறையை) ஒட்டி வெடித்ததா, கீழேயே வெடித்ததா என்று பிரித்துப் பார்க்க இது ஒரு வழி. ஆனால் வளைவு தட்டையாவதற்கு வேறு காரணங்களும் அதே காலத்தில் வந்து சேரும். அடர்த்தி மிகக் குறைந்ததால் அயனிகள் எலக்ட்ரானோடு சேர எடுக்கும் நேரம் விரிவு நேரத்தைவிட நீண்டுவிடும். முன்பு படிந்த ஆற்றல் தாமதமாக வெளிவரும்; படிவும் ஒளிர்வும் சமம் என்ற எடுகோளே உடையும். எஸ்என் 1987ஏ-இல் 800 நாளுக்குப் பின் இந்த உறைவு விளைவைச் சேர்க்காமல் கோபால்ட்-57 அளவைச் சொன்னவர்களுக்கு விடை மிகையாக வந்தது. ஒளி எதிரொலியும் (அருகிலுள்ள தூசியில் பட்டுத் தாமதமாக வரும் பழைய ஒளி) தட்டையாக்கும்; அது வந்தால் நிறமாலையில் உச்சகால முகம் மறுபடி தெரியும்.

வெப்பநிலை 2000 கெல்வினுக்குக் கீழே போனால் இரும்பு தன் ஆற்றலைத் தொலை அகச்சிவப்புக் கோடுகளில் கொட்டும், கண்ணுறு ஒளி திடீரென்று சரியும் என்று ஆக்ஸல்ராட் 1980-இல் கணித்தார். 1ஏ வகை ஒளிவளைவுகளில் அந்தத் திடீர் வீழ்ச்சி எதிர்பார்த்தபடி தென்படவில்லை.

தூசி உருவாகிவிட்டதை எப்படி அறிவது?

மூன்று அடையாளங்கள் ஒன்றாக வரும்: கண்ணுறு ஒளி கோபால்ட் கோட்டுக்குக் கீழே இறங்கும், அகச்சிவப்பு ஏறும், உமிழ்வுக் கோடுகளின் உச்சி நீலப் பக்கம் நகரும். பின்பக்கத்திலிருந்து வரும் ஒளியைத் தூசி விழுங்குவதே கடைசியதற்குக் காரணம். எஸ்என் 1987ஏ-இல் 500 நாளை ஒட்டி இது நடந்தது. சரிவு மட்டும் கூடினால் அது காமா கசிவாகவும் இருக்கலாம்.

எந்த மென்பொருள் வேண்டும்?

நிக்கல் நிறைக்கு நீங்களே எழுதும் ஐம்பது வரிப் பைத்தான் போதும். நிறமாலை வேண்டுமானால் கதை வேறு. டார்டிஸ் என்ற நிரல் பெயர் பெற்றது. ஆனால் அது உச்சத்தை ஒட்டிய நாட்களுக்கானது, உள்ளே ஒளிபுகாத ஒளிமண்டலம் இருக்கிறது என்ற எடுகோளில் நிற்பது. 200-ஆம் நாளில் அப்படியொரு பரப்பே கிடையாது. பிற்கால நிறமாலைக்கு சூமோ, சிஎம்எஃப்ஜென் போன்றவை ஒவ்வொரு அயனியின் நிலைகளையும் சமநிலை எடுகோள் இல்லாமல் தீர்க்கின்றன. வேக எலக்ட்ரானின் ஆற்றல் வெப்பமாக்க, அயனியாக்க, கிளர்ச்சியூட்ட எவ்வளவு போகிறது என்று பிரிக்கின்றன. கோடைக்கால ப்ராஜெக்ட்டுக்கு அடங்காது.

இடைப்பட்ட ஆசைக்கு ஒரு காமா மான்டே கார்லோ எழுதிப் பாருங்கள். நிக்கல் பரவலின்படி இடம், சிதைவு விதிப்படி நேரம், எல்லாத் திசைக்கும் சமவாய்ப்பு, ஒளியியல் ஆழத்துக்கு 0, 1 இடையிலான சமவாய்ப்பு எண்ணின் இயல்மடக்கை, மைனஸ் குறியோடு. மோதினால் காம்ப்டன் சிதறல், 100 கிலோ எலக்ட்ரான்வோல்டுக்குக் கீழே ஒளிமின் உறிஞ்சல். போட்டான் பறக்கும்போதே பொருள் விரிகிறது என்பதை மறக்காதீர்கள். பரவல் சீராக இருக்கையில் விடை மேலே சொன்ன கசிவுச் சூத்திரத்தை ஒட்டி வர வேண்டும்.

பெங்களூரிலிருந்தே இதற்குத் தரவு எடுக்க முடியுமா?

எடுக்கலாம். லடாக்கின் ஹான்லேயில் 4500 மீட்டர் உயரத்தில் உள்ள 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கியை, கோரமங்கலாவில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம், நகருக்கு வெளியே ஹொசகோட்டேயில் உள்ள தன் மையத்திலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறது. 1ஏ வகை 300-ஆம் நாளில் உச்சத்தைவிட 6 முதல் 7 மேக்னிட்யூட் மங்கும். 20 மெகாபார்செக் தூரத்தில் அது 19-ஐ ஒட்டி நிற்கும்; ஒளியளவை சிரமமில்லை. 60 மெகாபார்செக் என்றால் 21-ஐத் தாண்டும். பல படங்களை அடுக்க வேண்டும், நிறமாலையை மறந்துவிடலாம். விண்ணப்பம் எழுதும்போதே நிலவில்லா இரவுகளைக் கேளுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தத் திரள் சூரியனுக்குப் பின்னால் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வால் தரவு பாதியில் அறுபடுவது பெரும்பாலும் இதனால்தான்.

எம்101-இன் எஸ்என் 2011எஃப்இ, எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் இரண்டும் ஹான்லே வானில் நன்றாக உயர்பவை. முதலாவது 1ஏ, அடுத்தது 2 வகை. வெளியான அளவீடுகளை வைத்து உங்கள் நிரலைச் சோதிக்க நல்ல சோடி. எஸ்என் 1987ஏ-ஐ நேரில் பார்க்க ஆசைப்பட்டால் வழி இல்லை: ஹான்லேயில் அது உதிப்பதே கிடையாது, பெங்களூரில் அடிவானத்துக்கு மேல் 8 பாகைகூட ஏறாது.